இணையக் கடை: வாசகர் கேள்வி – பதில்

இன்ஸ்டாகிராமில் சுங்குடிச் சேலை விற்கிறேன். விலை ₹850. அடக்கம் ₹560, கவர் – டேப் ₹20, கூரியர் ₹80, கேஷ் ஆன் டெலிவரி (சி.ஓ.டி.) கட்டணம் ₹40. மாதம் நூறு ஆர்டர் போகிறது, அதில் முப்பது திரும்பி வந்துவிடுகிறது. விளம்பரத்துக்கு மாதம் ₹6,000 போடுகிறேன். நல்ல வியாபாரம் என்று ஊரே சொல்கிறது. மாதக் கடைசியில் கையில் ஒன்றும் நிற்பதில்லை. விலையை ஏற்றட்டுமா?
– வாசகி, சின்னாளப்பட்டி

விலையில் இப்போதைக்குக் கை வைக்காதீர்கள். நீங்கள் கொடுத்த கணக்கையே போட்டுப் பார்ப்போம்.

வாடிக்கையாளர் வாங்கிக்கொண்ட ஒரு சேலையில் உங்களுக்கு நிற்பது ₹150. திரும்பி வந்த சேலையில் போக ₹80, வர ₹80, கவர் ₹20 என ₹180 கையை விட்டுப் போகிறது. (திரும்பும் பார்சலுக்கு சி.ஓ.டி. கட்டணம் பிடிப்பதில்லை என்று வைத்துக்கொண்டோம். உங்கள் பில்லில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.) எழுபது சேலையில் வந்த லாபம் ₹10,500. முப்பது சேலையில் போனது ₹5,400. மிச்சம் ₹5,100. அதில் விளம்பரச் செலவு ₹6,000-ஐக் கழித்தால் ₹900 நஷ்டம். கையில் நிற்காததற்குக் காரணம் இதுதான்.

இதே நூறு ஆர்டரில் பதினைந்து மட்டும் திரும்பினால்? லாபம் ₹12,750, இழப்பு ₹2,700, மிச்சம் ₹10,050. விளம்பரம் போக ₹4,050 நிற்கும். ஒரு சேலைகூட அதிகமாக ஆர்டர் வரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

ஆர்.டி.ஓ. என்றால் நமக்கு லைசென்ஸ் ஆபீஸ்தான் நினைவுக்கு வரும். கூரியர்காரர்கள் பாஷையில் அது அனுப்பியவருக்கே திரும்பி வரும் பார்சல். இதைக் குறைக்கும் வழிகளில் முதலாவது, முன்பணம். சி.ஓ.டி. வேண்டும் என்பவரிடம் ₹100 மட்டும் யு.பி.ஐ.-யில் முதலில் வாங்குங்கள், மீதியை வீட்டில் கொடுக்கட்டும். சும்மா விளையாட்டுக்கு ஆர்டர் போட்டவர்கள் இங்கேயே கழன்றுகொள்வார்கள். ஆர்டர் எண்ணிக்கை குறையும், பயப்படாதீர்கள்.

அடுத்து, முழுப் பணமும் முன்பே கட்டுகிறவருக்கு ₹50 தள்ளுபடி. நஷ்டம் போலத் தெரியும், ஆனால் நஷ்டமில்லை. ₹800-க்கு பேமென்ட் கேட்வே (ஆன்லைனில் பணத்தை வாங்கித் தரும் நிறுவனம்) கட்டணம் 2 சதவீதம் என்றால் ₹16, அதன்மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. ₹2.88. எல்லாம் போக ஒரு சேலையில் ₹121 நிற்கும். இப்போது உங்கள் சி.ஓ.டி. ஆர்டரில், திரும்பியதையும் சேர்த்துச் சராசரி பார்த்தால் நிற்பது ₹51.

ஆர்டர் வந்த சில மணி நேரத்துக்குள் வாட்ஸ்அப்பில் விலாசத்தை உறுதிப்படுத்துங்கள். பின்கோடும் ஊர்ப் பெயரும் ஒத்துப்போகின்றனவா, வீட்டுக்குப் பக்கத்தில் அடையாளம் என்ன, இரண்டாவது போன் நம்பர் உண்டா என்று கேளுங்கள். மறுநாளைக்குள் பார்சல் கிளம்ப வேண்டும். நாலு நாள் கழித்துக் கிளம்பிய சேலை போய்ச் சேரும்போது வாங்கும் ஆசையே போயிருக்கும். கூரியர் பேனலில் 'டெலிவரி ஆகவில்லை' என்று காட்டும் பார்சல்களை அன்றன்றைக்கே பாருங்கள். வாடிக்கையாளரைக் கூப்பிட்டுக் கேட்டு, மறு டெலிவரிக்கான தேதியை அதே பேனலில் போட்டுவிடலாம். நாம் பேசாமல் இருந்தால் ஓரிரு முயற்சிக்குப் பிறகு அவர்களே வண்டியைத் திருப்பிவிடுவார்கள்.

கடைசியாக, அட்டைப்பெட்டி. சேலை 450 கிராம்தான் இருக்கும். ஆனால் கூரியர் பில் எடைக்கும் போடுவார்கள், அளவுக்கும் போடுவார்கள், எது அதிகமோ அதை வாங்குவார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுத்தால் வருவது அளவு எடை. 30 × 25 × 8 பெட்டி என்றால் 1.2 கிலோ, அரை அரைக் கிலோவாகக் கணக்கிடுவதால் ஒன்றரைக் கிலோ கட்டணம். அதே சேலையைப் பிளாஸ்டிக் கூரியர் கவரில் 30 × 25 × 3 ஆக மடித்தால் 0.45 கிலோ, அரைக் கிலோ கட்டணத்திலேயே முடிந்துவிடும்.

பத்தாயிரம் ஃபாலோயர்களை மொத்தமாக விலைக்கு வாங்கலாம் என்கிறார்கள். வாங்கலாமா?
– வாசகர், ஓசூர்

வேண்டாம். அந்தப் பத்தாயிரமும் லைக் போடாது, கமென்ட் போடாது, சரக்கும் வாங்காது. உங்கள் பதிவை முதலில் இவர்களுக்குக் காட்டிப் பார்த்துவிட்டு, யாரும் சீண்டவில்லை என்று இன்ஸ்டாகிராம் மற்றவர்களுக்கும் காட்டாமல் நிறுத்திவிடும். காசு கொடுத்துத் தன் கடை வாசலில் தானே முள்வேலி போடுகிற வேலை.

எங்கள் பனியன் கடை வெப்சைட்டில் ஆர்டர் போட்டவுடன் போகும் மெயில், ஒரு மாதமாக ஜிமெயில் வைத்திருப்பவர்களுக்கு ஸ்பாமில் விழுகிறது. அதற்கு முன்னால் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. புதிதாகச் செய்தது ஒன்றுதான்: நியூஸ்லெட்டர் அனுப்பும் கருவி ஒன்றைச் சேர்த்து, அவர்கள் சொன்ன ரெக்கார்டுகளை டி.என்.எஸ்.-இல் அப்படியே போட்டேன்.
– வாசகர், திருப்பூர்

அப்படியே போட்டதுதான் சிக்கலாக இருக்க வேண்டும். உங்கள் டொமைன், அதாவது வெப்சைட் பெயர், பற்றிய தகவல்களை இணையத்துக்குச் சொல்லும் பட்டியல்தான் டி.என்.எஸ். உங்கள் டொமைன் பெயரில் மெயில் அனுப்ப யார் யாருக்கு அனுமதி என்று ஊருக்கு அறிவிக்கும் வரிதான் எஸ்.பி.எஃப். ரெக்கார்டு. ஒரு டொமைனுக்கு அது ஒன்றே ஒன்றுதான் இருக்கலாம். உங்களிடம் மெயில் சேவைக்கான பழைய ரெக்கார்டு ஏற்கெனவே இருந்திருக்கும். கருவிக்காரர் கொடுத்ததை இரண்டாவதாகச் சேர்த்திருப்பீர்கள். இரண்டைக் கண்டதும் பெறுகிற பக்கம் எதையும் ஏற்காது, பிழை என்று இரண்டையும் ஒதுக்கிவிடும். நேற்றுவரை செல்லுபடியான அனுமதிச் சீட்டும் இதனால் செல்லாமல் போய்விடுகிறது.

முதலில் நோயை உறுதிசெய்துகொள்ளுங்கள். உங்கள் கடையில் நீங்களே ஒரு ஆர்டர் போட்டு, ஜிமெயிலில் அந்த மெயிலைத் திறந்து, வலப்பக்கம் உள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி, மூல மெயிலைக் காட்டும் பகுதிக்குப் போங்கள். மேலே எஸ்.பி.எஃப்., டி.கிம், டிமார்க் என மூன்று வரிகள் இருக்கும். டி.கிம் என்பது மெயிலில் உங்கள் டொமைன் போடும் கையெழுத்து. டிமார்க் என்பது இந்தச் சோதனைகளில் தேறாத மெயிலை என்ன செய்வது என்று நீங்கள் சொல்லிவைக்கும் வரி. எது பாஸ், எது ஃபெயில் என்று அங்கேயே தெரிந்துவிடும்.

பிறகு டொமைன் வாங்கிய தளத்தில் டி.என்.எஸ். பக்கத்தைத் திறந்து, மாற்றுவதற்கு முன் முழுப் பக்கத்தையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். டெக்ஸ்ட் வகை ரெக்கார்டுகளில் 'வி=எஸ்.பி.எஃப்.1' என்று தொடங்கும் வரிகள் இரண்டு இருக்கும். புதிய வரியில் 'இன்க்ளூட்' என்று தொடங்கும் பகுதியை மட்டும் வெட்டி, பழைய வரியின் கடைசிச் சொல்லான 'ஆல்' என்பதற்கு முன்னால் ஒட்டுங்கள். இரண்டாவது வரியை அழித்துவிடுங்கள். கருவி மேல் கருவி சேர்ப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: இந்த ஒரு வரியைப் படித்து முடிக்க டி.என்.எஸ்.-ஐப் பத்துத் தடவைக்கு மேல் தேடச் சொல்லக் கூடாது. சில இன்க்ளூடுகள் உள்ளுக்குள் மூன்று நான்கு தேடலை ஒளித்து வைத்திருக்கும். இப்போது பயன்படுத்தாத சேவைகளை வரியிலிருந்து எடுத்துவிடுவது நல்லது.

எஸ்.பி.எஃப். சரியாகி டி.கிம் மட்டும் ஃபெயில் என்றால், பெரும்பாலும் பெயர்ப் பெட்டியில்தான் தவறு. கருவி கொடுத்த பெயர் உங்கள் டொமைனோடு முடிந்திருக்கும். டி.என்.எஸ். பக்கமும் தன் பங்குக்கு டொமைனைக் கடைசியில் ஒட்டிக்கொள்ளும். ரெக்கார்டின் பெயரில் உங்கள் டொமைன் இரண்டு தடவை வந்து நிற்கும், தேடுகிறவருக்கு அகப்படாது. பெயர்ப் பெட்டியில் டொமைனை விட்டுவிட்டு முன்பகுதியை மட்டும் போடுங்கள்.

டிமார்க் இதுவரை போடவில்லை என்றால் முதலில் 'நன்' (none) என்ற தளர்வான நிலையில் தொடங்கி, அறிக்கைகள் ஒரு மெயில் விலாசத்துக்கு வரும்படி வையுங்கள். உங்கள் மெயில்கள் எல்லாம் பாஸ் ஆகின்றன என்று இரண்டு மூன்று வாரம் பார்த்த பிறகு 'குவாரன்டைன்' என்று இறுக்கலாம். எடுத்த எடுப்பிலேயே 'ரிஜெக்ட்' போட்டால் உங்கள் பில் மெயில்களே வாசலில் நிறுத்தப்படும்.

2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாகூவும் இதில் கண்டிப்பு. ஜிமெயிலுக்கு ஒரு நாளைக்கு 5,000 மெயிலுக்கு மேல் அனுப்புகிறவர் இந்த மூன்றையும் வைத்திருக்க வேண்டும், விளம்பர மெயிலில் ஒரே சொடுக்கில் விலகும் வசதி இருக்க வேண்டும், ஸ்பாம் என்று புகார் செய்கிறவர்கள் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது. குறைவாக அனுப்புகிறவருக்கு எஸ்.பி.எஃப்., டி.கிம் இரண்டில் ஒன்றாவது கட்டாயம். இரண்டையுமே வைத்துக்கொள்ளுங்கள், இலவசம்தானே. அனுப்புநர் விலாசமாக உங்கள் ஜிமெயில் ஐ.டி.யைப் போட்டு வெப்சைட்டிலிருந்து அனுப்பும் பழக்கம் இருந்தால் அதையும் இன்றே நிறுத்துங்கள்.

வெப்சைட் செய்துகொடுத்த தம்பிதான் டொமைனையும் வாங்கினார். வருடா வருடம் பணம் கொடுத்துவிடுகிறோம். இப்போது அவர் வேலைக்காக வெளியூர் போகிறார். ஏதாவது செய்ய வேண்டுமா?
– வாசகி, நாகர்கோவில்

அவர் பஸ் ஏறுவதற்குள் செய்ய வேண்டும். நீங்கள் பணம் கொடுத்தாலும், டொமைன் யாருடைய கணக்கில், யாருடைய மெயில் ஐ.டி.யில் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர். வாடகை கொடுத்துக்கொண்டு சொந்த வீடு என்று நினைத்திருக்கிறீர்கள்.

டொமைன் வாங்கிய அதே நிறுவனத்தில் உங்கள் பெயரில், உங்கள் மெயில் ஐ.டி.யில் ஒரு கணக்குத் தொடங்குங்கள். தம்பி தன் கணக்கிலிருந்து உங்கள் கணக்குக்கு மாற்றிவிட்டால் போதும், பெரும்பாலும் ஒரு மணி நேர வேலை. வேறு நிறுவனத்துக்குத்தான் போக வேண்டும் என்றால் அவர் டிரான்ஸ்ஃபர் லாக்கை எடுத்துவிட்டு, அங்கீகாரக் குறியீட்டை உங்களுக்குத் தர வேண்டும். டாட் காம் பெயர்களுக்கு, வாங்கி அல்லது மாற்றி 60 நாள் ஆகாவிட்டால் பொதுவாக இது நடக்காது. மாறும்போது டி.என்.எஸ். ரெக்கார்டுகள் காணாமல் போய் மெயில் நின்றுவிடுவது அடிக்கடி நடக்கும். எம்.எக்ஸ். என்று இருக்கும் வரிகளை (உங்களுக்கு வரும் மெயில் எங்கே போக வேண்டும் என்று சொல்பவை) தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஹோஸ்டிங், பேமென்ட் கேட்வே, கூகுள் பிசினஸ் பக்கம், இன்ஸ்டாகிராம் ஆகிய நான்கும் யார் பெயரில் இருக்கின்றன என்று அதே நாளில் கேட்டுவிடுங்கள். டொமைனுக்குத் தானியங்கிப் புதுப்பிப்பு போட்டு, அதில் உள்ள கார்டு காலாவதி ஆகாததா என்றும் பாருங்கள். காலாவதியான டாட் காம் பெயரைச் சலுகைக் காலத்துக்குள் மீட்டால் வழக்கமான கட்டணம். அதைத் தாண்டி 30 நாள் மீட்புக் கட்டத்துக்குப் போய்விட்டால் பல மடங்கு கேட்பார்கள்.

வாட்ஸ்அப் பிசினஸில் 800 வாடிக்கையாளர்களுக்கு பிராட்காஸ்ட் அனுப்பினேன். பாதிப் பேருக்கு ஒற்றை டிக்கோடு நிற்கிறது. நம்பர் பிளாக் ஆகிவிட்டதா?
– வாசகர், கும்பகோணம்

பிளாக் ஆகவில்லை. பிராட்காஸ்ட் செய்தி, உங்கள் நம்பரைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் போகும். நீங்கள் அவர்களைச் சேமித்திருப்பது கணக்கில் வராது. ஒரு பட்டியலில் 256 பேருக்கு மேல் சேர்க்கவும் முடியாது.

ஆகவே பார்சலுக்குள் வைக்கும் சீட்டில் 'இந்த எண்ணை உங்கள் போனில் சேமித்து, சரி என்று ஒரு செய்தி அனுப்புங்கள்' என்று அச்சடித்து வையுங்கள். அப்படி அனுப்பியவர்களை மட்டும் பட்டியலில் சேருங்கள். பிளவுஸ் வாங்குகிறவர், பட்டு வாங்குகிறவர், மொத்த வியாபாரி என்று பட்டியல்களைப் பிரித்தால் எல்லோருக்கும் எல்லாம் போகாது, தொல்லை என்று யாரும் பிளாக் செய்யவும் மாட்டார்கள்.

ஆயிரக்கணக்கில் அனுப்ப வேண்டுமென்றால் அதற்கு வாட்ஸ்அப்பின் ஏ.பி.ஐ. (சாஃப்ட்வேர் மூலம் செய்தி அனுப்பும் அதிகாரபூர்வ இணைப்பு) வழி இருக்கிறது. அங்கே முன்கூட்டியே அனுமதி வாங்கிய டெம்ப்ளேட் செய்திதான் அனுப்பலாம், விளம்பரச் செய்தி ஒவ்வொன்றுக்கும் கட்டணம் உண்டு. வாடிக்கையாளர் தானாக எழுதினால் அதிலிருந்து 24 மணி நேரம் நீங்கள் விரும்பியபடி பதில் எழுதலாம். ஒரே அமுக்கில் லட்சம் பேருக்கு அனுப்பும் என்று விற்கிறார்களே, அந்த சாஃப்ட்வேரைத் தொடாதீர்கள். தொட்டால்தான் நம்பர் நிஜமாகவே பறிபோகும்.

வீட்டில் மசாலாப் பொடி செய்து சொந்த வெப்சைட்டில் விற்கிறோம். வருட விற்பனை 6 லட்சம்தான். 40 லட்சம் வரை ஜி.எஸ்.டி. பதிவு வேண்டாம் என்றார்கள். பெங்களூரிலிருந்து ஒருவர் கேட்கிறார், அனுப்பலாமா?
– வாசகி, காரைக்குடி

பதிவு எடுத்துவிட்டு அனுப்புங்கள். 40 லட்சம் என்ற வரம்பு, பொருளைத் தமிழ்நாட்டுக்குள்ளேயே விற்கும்வரைதான் உங்களைக் காப்பாற்றும். வரி உள்ள பொருளை வெளி மாநிலத்துக்கு விற்றால், ஒரு பாக்கெட்டாக இருந்தாலும் பதிவு கட்டாயம். கைவினைப் பொருள்களுக்கு இதில் சலுகை உண்டு, சாம்பார் பொடிக்கு இல்லை. குறைந்த வரி கட்டும் காம்போசிஷன் திட்டமும் உங்களுக்குச் சரிவராது, அதில் வெளி மாநிலத்துக்குப் பொருள் விற்க முடியாது.

மற்றவர்களின் பெரிய விற்பனைத் தளங்களில் சேர்ந்து விற்பதற்கு விதி வேறு. 2023 அக்டோபர் 1 முதல், சிறு வியாபாரிகள் ஜி.எஸ்.டி. பதிவு இல்லாமல் ஒரு என்ரோல்மென்ட் எண் மட்டும் வாங்கி அங்கே விற்கலாம், ஆனால் அதுவும் மாநிலத்துக்குள் மட்டும்தான்.

பதிவு எடுத்தபின் விற்பனையே இல்லாத மாதத்திலும் ரிட்டர்ன் போட வேண்டும். மறந்தால் வெற்று ரிட்டர்னுக்கே நாளொன்றுக்கு ₹20 ஏறிக்கொண்டிருக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரிட்டர்ன் போடும் வசதி உங்களைப் போன்றவர்களுக்கு உண்டு, அதைத் தேர்ந்தெடுங்கள். பாக்கெட்டில் உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்க எண் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். உத்யம் என்ற சிறுதொழில் பதிவைச் செய்துதருகிறோம் என்று ₹2,000, ₹3,000 கேட்பவர்களிடம் ஏமாறாதீர்கள். அரசின் உத்யம் தளத்தில் ஆதார் எண்ணைக் கொண்டு நீங்களே பதியலாம், கட்டணம் கிடையாது.

'உங்கள் பக்கத்தின் மீது காப்பிரைட் புகார், 24 மணி நேரத்தில் முடக்கப்படும்' என்று இன்ஸ்டாகிராமிலிருந்து செய்தி வந்திருக்கிறது. அதில் உள்ள லிங்க்கில் பாஸ்வேர்டு கேட்கிறது.
– வாசகர், தென்காசி

பாஸ்வேர்டு போடாதீர்கள். இன்ஸ்டாகிராம் இன்பாக்ஸுக்கு வந்தது என்றால் அது திருடன் எழுதியது. மெயிலாக வந்திருந்தால், இன்ஸ்டாகிராம் செட்டிங்கில் பாதுகாப்புப் பகுதியில் அவர்கள் உங்களுக்கு உண்மையாகவே அனுப்பிய சமீபத்திய மெயில்களின் பட்டியல் இருக்கும். அதில் இல்லாத மெயில் போலி. ஏற்கெனவே பாஸ்வேர்டு கொடுத்துவிட்டீர்கள் என்றால் உடனே மாற்றி, மற்ற சாதனங்களை எல்லாம் வெளியேற்றி, இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போட்டு, அது தரும் பேக்அப் குறியீடுகளைக் காகிதத்தில் எழுதி பீரோவில் வையுங்கள். போனிலேயே வைத்தால் போன் தொலையும் நாளில் அதுவும் தொலையும்.

வாடிக்கையாளர் கணக்கில் பணம் போய்விட்டது என்கிறார். எங்கள் கடையில் ஆர்டர் 'பெண்டிங்' என்றே நிற்கிறது. வாரத்துக்கு நாலைந்து இப்படி.
– வாசகர், சேலம்

பணம் கட்டியவர் யு.பி.ஐ. ஆப்பிலிருந்து உங்கள் தளத்துக்குத் திரும்பாமலே மூடிவிட்டால் இப்படி ஆகும். திரும்பி வரும் பக்கத்தை நம்பி ஆர்டரை உறுதிசெய்தால், திரும்பாதவருடைய ஆர்டர் தொங்கும். கேட்வே உங்கள் சர்வருக்கு நேரடியாகத் தகவல் அனுப்பும் வெப்ஹூக்கை இயக்கச் சொல்லுங்கள். கேட்வே பேனலில் அதன் முகவரியையும் ரகசியக் குறியையும் போட வேண்டும். புரோகிராமரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள்: வந்த தகவலின் கையொப்பத்தைச் சரிபார்க்கிறாரா? ஒரே தகவல் இரண்டு முறை வந்தால் ஆர்டர் இரண்டாகாமல் தடுத்திருக்கிறாரா? கேட்வே பதில் வராவிட்டால் அதே தகவலைத் திரும்பத் திரும்ப அனுப்பும், அது இயல்புதான்.

வெப்ஹூக் ஏற்கெனவே இருந்தும் வேலை செய்யவில்லை என்றால் கேட்வே பேனலில் அதன் பதிவேட்டைப் பாருங்கள். உங்கள் தளத்தின் பாதுகாப்பு ப்ளக்-இன் அதை ஹேக்கர் என்று எண்ணித் துரத்தியிருக்கும். அங்கே 403 (அனுமதி மறுப்பு) என்ற எண் வரிசையாக நின்றால் அதுதான் காரணம்.

வாடிக்கையாளரைச் சமாதானப்படுத்த, பேனலில் பணம் உங்களுக்கு வந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வந்திருந்தால் ஆர்டரைக் கையாலேயே உறுதிசெய்து அனுப்பிவிடுங்கள். வராமல் நடுவில் நின்றிருந்தால், ரிசர்வ் வங்கி 2019-இல் போட்ட விதிப்படி, பரிவர்த்தனை நாளிலிருந்து ஐந்து நாளுக்குள் அது தானாகத் திரும்ப வேண்டும். தாண்டினால் நாளுக்கு ₹100 அவருக்கு வங்கி தர வேண்டும். யு.பி.ஐ. பரிவர்த்தனையின் 12 இலக்க எண்ணை வாங்கிவைத்துக்கொண்டு பேசுங்கள். ஸ்க்ரீன்ஷாட்டை மட்டும் நம்பிச் சரக்கை அனுப்பிவிடாதீர்கள், பணம் கட்டியது போலப் படம் காட்டும் போலி ஆப்புகள் நிறைய உலவுகின்றன.

வெப்சைட் தொடங்கி இரண்டு மாதம் ஆயிற்று. எங்கள் கடைப் பெயரையே போட்டுத் தேடினாலும் கூகுளில் வரவில்லை.
– வாசகி, பொள்ளாச்சி

வேர்ட்பிரஸ் என்றால் செட்டிங்கில் ரீடிங் பக்கத்தைத் திறந்து, கடைசியில் தேடுபொறிகளைத் தடுக்கும் பெட்டியில் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். தளம் கட்டும்போது போட்ட டிக்கை எடுக்க மறந்திருப்பார்கள். எடுத்தபின் கூகுள் சர்ச் கன்சோல் என்ற இலவசக் கருவியில் தளத்தைச் சேர்த்து, தளத்தின் பக்கப் பட்டியலான சைட்மேப்பைக் கொடுத்து, முகப்புப் பக்கத்தை மட்டும் தேடலில் சேர்க்கும்படி (இன்டெக்ஸ்) கையால் கேளுங்கள்.